கடை திறக்கும் நேரத்தில் வயிறு கலக்குகிறதா?

நம் சங்கக் கூட்டத்தில் ஜி.எஸ்.டி., லைசென்ஸ், லாரி வாடகை எல்லாம் பேசுகிறோம். வயிற்றுத் தொல்லையை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆகவே நானே தொடங்கிவிடுகிறேன்.

அம்பத்தூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் எனக்குப் பதினைந்து வருடமாக இது உண்டு. காலையில் லோடு வரும் நேரம் பார்த்து அடிவயிறு முறுக்கும். மூன்று முறை போய் வந்தாலும் முழுசாகப் போன திருப்தி இராது. கோயம்பேடு போகும் வழியில் கழிப்பறை எங்கெங்கே என்பது எனக்கு அத்துப்படி. ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் செய்து, கடைசியில் "ஒன்றும் இல்லை" என்றார்கள். அந்த ஒன்றுமில்லாததற்கு ஆன செலவில் பத்து மூட்டை துவரம் பருப்பு வாங்கியிருக்கலாம்.

இதன் பெயர் ஐ.பி.எஸ். (போலீஸ் அதிகாரி அல்ல.) குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே போகும் தகவல்தான் தாறுமாறாகிறது. அதனால் சாதாரண வாயுவும் வலியாகத் தெரியும். வலி கற்பனை இல்லை. 2016-ல் ரோம் அளவுகோலைத் திருத்திய நிபுணர்கள் இவ்வகை நோய்களுக்கு "குடல்–மூளைத் தொடர்புக் கோளாறு" என்றே பெயர் வைத்தார்கள்.

மேல்நாட்டில் பெண்களுக்கு அதிகம் என்பார்கள். இந்தியக் குடல்நோய் மருத்துவர் சங்கத்தின் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 2785 பேரில் 68 சதவீதம் ஆண்கள். பொதுமக்கள் 4500 பேரை விசாரித்ததில் 4.2 சதவீதம் பேருக்கு இருந்தது. "பெண்கள் எங்கே டாக்டரிடம் போகிறார்கள்?" என்கிறார் என் வீட்டுக்காரம்மா. அதுவும் நியாயம்தான்.

நமக்குச் சுவாரசியமான சங்கதி இசப்கோல். நாம் சீரகம் எடுக்கும் அதே குஜராத் உஞ்சா மண்டிச் சரக்குதான். 2009-ல் நெதர்லாந்தில் 275 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, தினம் 10 கிராம் இசப்கோல், கோதுமைத் தவிடு, அரிசி மாவு என்று 12 வாரம் கொடுத்தார்கள். அரிசி மாவு சும்மா ஒப்பிட. இசப்கோல் சாப்பிட்டவர்களுக்குக் குணம் தெரிந்தது. தவிட்டினால் தொல்லை கூடிப் பலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். "நார்ச்சத்து" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது என்று இதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். இசப்கோலைக் கொஞ்சமாக ஆரம்பித்து, நிறையத் தண்ணீருடன் குடிக்க வேண்டும்; வறட்டாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறையில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நம் கடையில் பாதி சரக்கு அதில் போய்விடும்! ஆயுள் முழுக்க ஒதுக்கத் தேவையில்லை. 2023-ல் இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த ஆய்வில், மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரை குறைந்த அளவில் பலன் தந்தது. இது டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை – இவற்றை ஐ.பி.எஸ். என்று நாமே முடிவு கட்டக்கூடாது. ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் அரசு மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பூந்தமல்லியில் என்னிடம் சரக்கெடுக்கும் ஒருவர், கடையைப் பூட்ட மனமில்லாமல், ரத்தம் போவதை மூலம் என்று ஒரு வருடம் மறைத்தார். புற்றுநோய். ஆபரேஷன் ஆகி, இப்போது மதியம் வரை கல்லாவில் உட்காருகிறார். மீதி நேரம் மகன் பார்த்துக்கொள்கிறான்.