ஹூட் வண்டியின் ஜன்னலுக்குக் கருப்பு ஃபிலிம் வேண்டுமா?

சித்திரை பிறந்துவிட்டால் தருமபுரி சீட் கவர் கடைகளில் அடிக்கடி எழும் கேள்வி, ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டலாமா என்பதுதான். காருக்கு என்றால் பதில் சட்டத்தோடு முடிந்துவிடும். மேலே கேன்வாஸ் ஹூட், பின்னால் வளையும் பிளாஸ்டிக் ஜன்னல் என்று இருக்கும் மஹிந்திரா தார், பழைய ஜீப் போன்ற வண்டிகளுக்குச் சட்டம் மட்டும் பார்த்தால் போதாது. அந்த பிளாஸ்டிக்கின் குணத்தையும், வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதையும், நம் மாவட்டத்தின் மலைச் சாலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளாஸ்டிக் ஜன்னலில் ஃபிலிம் ஒட்டாதீர்கள். அந்தப் பணத்தைக் கூரைக்குச் செலவழியுங்கள்.

உங்கள் வண்டியில் எது கண்ணாடி, எது பிளாஸ்டிக் என்று முதலில் பாருங்கள். 2020-இல் வந்த புதிய தாரின் சாஃப்ட் டாப் வகையில் முன்கதவுகளில் ஏறி இறங்கும் நிஜக் கண்ணாடி இருக்கிறது. பின்பக்கவாட்டிலும் பின்னாலும் இருப்பவைதான் பிளாஸ்டிக். எம்.எம்.540, கமாண்டர் போன்ற பழைய ஜீப்புகளில் ஹூட்டோடு சேர்த்துத் தைத்த பக்கவாட்டுத் துணிகளில்தான் ஜன்னலே இருக்கும். முன் கண்ணாடியைத் தவிர மற்றதெல்லாம் பிளாஸ்டிக். ஒரே வண்டியில் இரண்டு வகை இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கண்ணாடியைப் பற்றிய சட்டம் பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. "அப்படியானால் 50 சதவீதம் விடுகிற ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாமே" என்று பல ஆண்டுகள் கடைகள் விற்றன. அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. அந்த அளவுகள் தொழிற்சாலையில் தயாராகும் கண்ணாடிக்கு உரியவை. அதன் மேல் எத்தனை சதவீத ஃபிலிமையும், வேறு எந்தப் பொருளையும் ஒட்டக்கூடாது என்பது தீர்ப்பு. அபராதம் போடுவதோடு நிற்காமல், ஒட்டியிருப்பதை அங்கேயே அகற்றவும் போலீஸாருக்கு உத்தரவிட்டது.

அதன் பிறகு விதி திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம், பாதுகாப்புக் கண்ணாடி என்ற இடத்தில் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் இடம் கொடுத்தது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 என்ற அளவுகளுக்குக் குறையாமல், தரநிலைக்கு உட்பட்டு ஒட்டிய ஃபிலிமுக்கு அபராதம் விதிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தொப்பூரில் வண்டியை நிறுத்தும் காவலரிடம் வாதாடலாம். ஆனால் தமிழ்நாட்டுப் போலீஸாரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரை, மீண்டும் பிடிபட்டால் 1,500 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சதவீதக் கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஃபிலிமின் சதவீதமும் கண்ணாடியின் சதவீதமும் ஒன்றோடொன்று பெருகும். 75 சதவீதம் ஒளி விடும் கதவுக் கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் உள்ளே வருவது 52.5 சதவீதம்தான். விளிம்பில்தான் தப்புகிறது. அதே கண்ணாடியில் "50 சதவீத ஃபிலிம், சட்டப்படி சரி" என்று கடைக்காரர் ஒட்டித் தந்தால் மிஞ்சுவது 37.5 சதவீதம். எந்தத் தீர்ப்பும் அதைக் காப்பாற்றாது.

சரி, பிளாஸ்டிக் ஜன்னலுக்கு என்ன விதி? அதே 100-ஆவது விதி, மூன்று சக்கர வண்டிகளுக்கும் ஹூட்டும் பக்க மறைப்பும் கொண்ட வண்டிகளுக்கும் ஒரு விலக்கு தருகிறது. அவற்றின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு இருக்கலாம். பேருந்து நிலையத்து ஆட்டோவின் மழைத்திரைக்கும் உங்கள் தாரின் பின் ஜன்னலுக்கும் சட்டத்தில் ஒரே வரிதான். சதவீதம் எல்லாம் கண்ணாடிக்குத்தானே, பிளாஸ்டிக்குக்கு இல்லையே என்று சிலர் துருவிப் பார்ப்பதுண்டு. அந்த வாதத்தை நம்பி வண்டியை இருட்டாக்க வேண்டாம் என்பேன். ஊடுருவிப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் விலக்கின் அடிப்படையே. அதோடு, சாலையோரத்தில் நடக்கும் சோதனையில் உங்கள் ஜன்னல் கருப்பாக இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

சட்டத்தை விட்டுவிட்டாலும் ஃபிலிம் இந்த பிளாஸ்டிக்கில் நிற்காது. ஜன்னல் தகடு மெத்தென்று வளையும் பி.வி.சி. அதை வளைய வைப்பதற்காகத் தயாரிப்பில் ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்க்கிறார்கள். வெயிலில் அது மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். அங்கே ஃபிலிமின் பசை இருந்தால் அதை இளக்கிவிடும். ஃபிலிமோ பாலியெஸ்டர், நீளாது, சுருங்காது. பி.வி.சி. மதிய வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கும். ஒன்று அசைய, மற்றொன்று அசையாமல் நிற்க, இடையில் முதலில் கொப்புளமும் பிறகு சுருக்கமும் வரும். ஜன்னலைச் சுருட்டிக் கட்டுகிற வழக்கம் இருந்தால் மடிப்பு விழுந்த இடங்களில் ஃபிலிம் அன்றே பிளந்துவிடும். ஒட்டும் போதும் சிக்கல்தான். சோப்புத் தண்ணீர் தெளித்து ரப்பர் கட்டையால் அழுத்தித் தேய்க்க, பின்னால் தாங்கும் கெட்டியான பரப்பு வேண்டும். துணியில் தைத்த தகடு கை வைத்தாலே குழிந்துவிடுகிறது.

இதைவிட மோசம், உரித்து எடுப்பது. கண்ணாடியிலிருந்து ஃபிலிமை உரித்தால் பசையை பிளேடால் சுரண்டிவிடலாம். பி.வி.சி.யில் பிளேடு போட்டால் கீறல். தின்னர் போட்டால் மேற்பரப்பே கரைந்து பால்போல மங்கிவிடும். சூடு காட்டினால் தகடு நெளியும். சோதனையில் நிறுத்தி அங்கேயே உரிக்கச் சொன்னால் அபராதத்தைவிட ஜன்னல் மாற்றுகிற செலவு பெரிதாக இருக்கும்.

இனி வெப்பம். சூரியன் தரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கருப்புச் சாயம் மட்டும் ஏற்றிய மலிவு ஃபிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் முக்கியமாக மறிக்கிறது. மறித்த ஆற்றலைத் தானே உறிஞ்சிச் சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளேயே விடுகிறது. கண் கூசுவது குறைவதால் குளிர்ந்துவிட்டது போன்ற நினைப்பு வரும். உடம்புக்கு வேர்ப்பது நிற்காது. அகச்சிவப்பை மறிக்கும் நல்ல ஃபிலிம்கள் உண்டு, அவை நிறமே தெரியாத அளவுக்குத் தெளிவாகவும் வருகின்றன. ஆனால் அவற்றையும் கண்ணாடியில்தான் ஒட்ட முடியும்.

ஹூட் வண்டியில் வெப்பம் வருகிற பெரிய வழி ஜன்னலே அல்ல. தலைக்கு மேலே நாள் முழுக்க வெயில் வாங்கும் ஒற்றைத் துணி, அதுவும் பெரும்பாலும் கருப்பு. அடுத்தது, முன் கண்ணாடி. இவை இரண்டையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய ஜன்னலை இருட்டாக்குவது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் ஜன்னலுக்கு மட்டும் திரை போட்டது போலத்தான். பங்குனி, சித்திரை மதியத்தில் ஹூட்டின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நான் மிகவும் கவலைப்படுவது இரவைப் பற்றி. தருமபுரி மாவட்டம் சமவெளிச் சாலை மட்டும் கொண்டதல்ல. வத்தல்மலைக்கோ சித்தேரிக்கோ ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் முன் கண்ணாடிக்கு எதிரே பாறையோ பள்ளமோதான் இருக்கும். போக வேண்டிய சாலை பக்கவாட்டு ஜன்னலில்தான் தெரியும். எதிரே வண்டி வந்து, குறுகலான இடத்தில் பின்னோக்கி எடுக்க வேண்டி வந்தால் பின் பிளாஸ்டிக் வழியாகத்தான் விளிம்பைப் பார்க்க வேண்டும். அது ஏற்கெனவே கீறலும் மஞ்சளுமாக இருக்கிற ஜன்னல். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையின் காட்டுப் பகுதியிலும், பாலக்கோடு பக்கத்துக் காட்டோரங்களிலும் யானை நடமாட்டம் உண்டு. இருட்டில் ஓரமாக நிற்கும் யானையின் உடம்பு வெளிச்சத்தை அதிகம் திருப்பித் தராது. தொப்பூர் கணவாயில் பக்கத்தில் ஊர்ந்து வரும் லாரியை நேரத்தோடு பார்ப்பதும் அந்தப் பக்க ஜன்னலை நம்பித்தான். பகலில் கிடைக்கும் சிறிது இதத்துக்காக இரவில் பாதிப் பார்வையை விட்டுக்கொடுப்பது சரியே இல்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பொருள் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவும் சிலர் கேட்கிறார்கள். துணி வண்டியைத் திறக்க ஒரு பிளேடு போதும். விலையுள்ள பொருளை வண்டியில் விடாமல் இருப்பதுதான் வழி. விட்டே ஆக வேண்டுமென்றால் தரையோடு போல்ட் போட்ட பூட்டுப் பெட்டி நல்லது.

நிறம் வேண்டும் என்றே இருப்பவர்களுக்கு ஃபிலிமைவிட மேலான ஒரு வழி இருக்கிறது. ஹூட் தைப்பவரிடம் சொல்லி, தகட்டுக்குள்ளேயே நிறம் கலந்த ஸ்மோக் பி.வி.சி. ஷீட் வைத்துத் தைத்துக்கொள்வது. இதில் உரிந்து வர எதுவும் இல்லை. ஆனாலும் இருப்பதிலேயே வெளிறியதைக் கேளுங்கள், பின்பக்கவாட்டுக்கு மட்டும் வையுங்கள், பின் ஜன்னலைத் தெளிவாகவே விடுங்கள். வாங்கும் முன் ஒரு துண்டை மாலை மங்கிய பிறகு கண்ணுக்கு முன் பிடித்துத் தெருவைப் பாருங்கள். நடந்து வருகிற ஆளின் உருவம் சட்டென்று பிடிபடவில்லை என்றால் அந்த ஷீட் வேண்டாம். அடர்ந்த நிறம் வெயிலில் கூடுதலாகச் சூடேறி, தகடு சீக்கிரம் நெளியவும் செய்யும்.

கூரைக்கு என்ன செய்யலாம்? ஹூட்டுக்கு அடியில் சில விரல் இடைவெளி விட்டு, வெளிர் நிறத்தில் இரண்டாவது துணி ஒன்றைக் கம்பிகளில் கட்டித் தைத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்கும் காற்று தலைமேல் இறங்கும் சூட்டைக் கணிசமாகத் தடுக்கும். ஹூட்டையே மாற்றும் காலம் வந்தால் கருப்பை விட்டுக் காக்கியோ சாம்பலோ எடுங்கள். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித்தாள் மறைப்பு வையுங்கள். ஓட்டும்போது எடுத்துவிட வேண்டும். பக்க ஜிப்பைச் சிறிது திறந்து வைத்தால் சூடான காற்று வெளியேறும். ஓட ஆரம்பித்ததும் பின் திரையைத் தூக்கிக் கட்டினால் கிடைக்கும் காற்றோட்டத்தை எந்த ஃபிலிமும் தராது. ஏ.சி. போட்டு மூடியே ஓட்டுபவர்களும் முதல் சில நிமிடம் திறந்து ஓட்டிச் சூட்டை வெளியேற்றிய பிறகு மூடலாம்.

இருக்கிற பிளாஸ்டிக்கைத் தெளிவாக வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். குவாரிப் புழுதி படிந்த ஜன்னலை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் கீறலுக்கு முதல் காரணம். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கி, பிறகு நீர்த்த சோப்பில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் அருகில் வரக்கூடாது. ஈரத்தோடு சுருட்டினால் மங்கல் படியும். மார்கழி விடியற்காலையில் தகடு விறைத்திருக்கும்போது மடித்தால் வெடிக்கும். சற்று வெயில் ஏறியபின் சுருட்டுங்கள். துடைத்த பிறகும் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிகிறதென்றால் ஷீட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஹூட்டைப் பிரிக்காமலே ஜன்னலை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகத் தைத்துத் தருவார்கள். மழைக்காலத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், தையல் ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் உள்ளே பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.