ஜீப்புக்குக் கித்தான் கூரை

மலையாளத்தார் இடவப்பாதி என்று சொல்லும் பருவமழை, நம் வைகாசித் திங்களின் நடுவில் தொடங்குகிறது. திருப்பூணித்துறையில் வாழும் உங்களுக்கு அதன் வேகத்தை விளக்க வேண்டியதில்லை. அம்மழையில் துணிக்கூரை போட்ட பழைய ஜீப்பில் நனையாமல் செல்ல முடியுமா? முடியும், கூரையைத் தைத்தவர் தொழில் அறிந்தவராக இருந்தால்.

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவற்றுக்கு இரும்புக் கூரை இல்லை. வளைந்த கம்பிகளின்மேல் கித்தானை இழுத்துக் கட்டினர். போருக்குப்பின் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் உருவாக்கத் தொடங்கினர். இன்றும் கம்பம் பகுதித் தமிழ்ப் பெண்கள் பலர், இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குச் சென்று வருகின்றனர். போகும்போதே நனைந்துவிட்டால், நாள் முழுவதும் ஈர உடையோடு உழைக்க வேண்டும். எனவே, கூரை தைப்பதைப் பழைய வண்டி சேர்ப்பவர்களின் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

கித்தான் என்பது தடித்த பருத்தி நூலால் நெருக்கமாக நெய்த துணி. நனைந்தவுடன் இழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். மெழுகும் பூசினால் நீர் வழிந்தோடிவிடும். அப்படியானால் எங்கே ஒழுகுகிறது? ஊசி குத்திய துளைகளில்தான்!

மெழுகு பூசாத புதுக் கித்தானை நனைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும்; இல்லையேல் முதல் மழையிலேயே சுருங்கிவிடும். பழைய கூரையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டுவது எளிய வழி. ஆனால், பல ஆண்டுகள் இழுபட்ட துணி பொய்யளவு காட்டும். மலிவான பிளாஸ்டிக் தாளைக் கம்பிகளின்மேல் விரித்து, இடப்புறத்தையும் வலப்புறத்தையும் தனித்தனியே குறிப்பதே நன்று. பழைய வண்டியின் இருபுறமும் ஒத்திருப்பது அரிது.

இணைப்புத் தையலில் இரு விளிம்புகளையும் ஒன்றனுள் ஒன்றாக மடித்து, இரட்டை வரிசையாகத் தைப்பர். உங்கள் ஜீன்ஸ் கால்சட்டையின் தையலைப் பாருங்கள், அதுவே இது. ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவதுபோல, மடிப்பு சரிவை நோக்கி அமைய வேண்டும். திசை மாறினால் மடிப்பே வாய்க்காலாகிவிடும். நூலிலும் ஒரு நுட்பம் உண்டு. உள்ளே பாலியெஸ்டர், வெளியே பருத்தி சுற்றிய நூல் சிறந்தது. முன்னது வலிமை தரும். பின்னது நனைந்து பருத்துத் துளையை அடைக்கும். தையலை மிக நெருக்கமாகப் போட்டால் உறுதி கூடும் என்பது தவறான எண்ணம். நாட்காட்டித் தாளைப்போலத் துணி அவ்வரிசையிலேயே கிழிந்துவிடும்.

கூரையைப் பொருத்தியபின் தொய்வு இருக்கக் கூடாது. தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். இறுதியில் மேலே ஒரு வாளி நீரை ஊற்றச் செய்து, உள்ளே அமர்ந்து கவனிக்க வேண்டும். முதல் முறை சில துளிகள் கசிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நன்கு உலரவிட்டு மீண்டும் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை நனைந்து உலர்ந்த பிறகும் கசியும் இடம் எதுவோ, அங்கே மெழுகைத் தேய்த்தால் போதும்.