வயல்வேலைக்கு ஏற்ற கைப்பேசி உறை

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. அந்நீர் கல்லணையைக் கடந்து வாய்க்கால்களில் பரவியதும், தஞ்சைத் தரணியெங்கும் நாற்றங்காலும் நடவுமாக வேலை நெருக்கும். அவ்வேளையில் உழவரின் மடியில் வெற்றிலைப் பையுடன் கைப்பேசியும் இருக்கக் காண்கிறோம். தமிழக அரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உழவன்’ செயலி அதில் உண்டு. வங்கியின் ஓ.டி.பி. எண்ணும் அதற்கே வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்யவும் அதுவே துணை. ஆகவே அது சேற்றில் விழுந்து கெடுமாயின் நட்டம் கருவியோடு நில்லாது. நெல்லுக்குரிய பணமும் தாமதப்படக்கூடும்.

உறை வாங்குமுன் நமது வேலை எத்தகையது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாற்றுப் பறிப்போருக்கும் நடுவோருக்கும் சேறும் நீருமே பகை. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓட்டுவோருக்கு அதிர்ச்சியும் தூசும் பகை. களத்தில் நெல் காயவைப்போருக்கு வெயிலே பகை.

கெட்டியான பிளாஸ்டிக் உறை கீறலைத் தடுக்கும். ஆயின் விழும் அதிர்ச்சியை நன்கு தாங்காது. டி.பி.யு. என்னும் நெகிழ்ந்து கொடுக்கும் பிளாஸ்டிக் அதிர்ச்சியை உள்வாங்கும். உள்ளே நெகிழ்வும் வெளியே கெட்டியுமாக இரண்டும் இணைந்த உறையே வயலுக்கு ஏற்றது. மூலைகள் நான்கும் தடித்திருத்தல் வேண்டும். உறையின் விளிம்பு திரையைவிடச் சற்று உயர்ந்திருந்தால், குப்புற விழினும் கண்ணாடி தரையில் மோதாது. நிறம் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருப்பது நலம். வைக்கோலிடையே தவறினாலும் கண்ணுக்குப் புலப்படும்.

‘மிலிட்டரி கிரேடு’ என்று அச்சிட்டிருப்பது கண்டு மயங்கலாகாது. அமெரிக்கப் படைத்துறையின் 810 என்னும் சோதனை விதிகளில், பொருளைச் சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை விழச் செய்யும் முறை ஒன்று உண்டு. அதில் தேறியதாகத் தயாரிப்பாளர்களே கூறிக்கொள்கின்றனர். படைத்துறை உறைகளுக்குச் சான்று வழங்குவதில்லை. மேலும், விழுவதைத் தாங்கும் உறை நீரையும் தடுக்கும் என்பதில்லை.

நீர்க்காப்பு தனிச் செய்தி. ‘ஐ.பி. 67’ எனக் குறித்த கைப்பேசி, 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் வரை தாங்கும் எனச் சோதிக்கப்பட்டது. அச்சோதனை தெளிந்த நீரில் நடைபெறுவது. சேற்றுக்கும் உரம் கரைந்த நீருக்கும் அது பொருந்தாது. கைப்பேசி பழையதாக ஆக அக்காப்பும் குறையும். எனவே நடவு நாட்களில், வாயை இறுக மூடிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பையே சிக்கனமான வழி. வாங்கியவுடன் வெறும் காகிதத்தை உள்ளே வைத்து மூடி, ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பார்க்க. காகிதம் நனையாதிருந்தால் மட்டுமே கைப்பேசியை அதில் இடுக.

தடித்த உறை வெப்பத்தையும் அடக்கி வைக்கும். கைப்பேசிகள் பலவற்றை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறே தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர்; நமது சித்திரை வெயில் அதைத் தாண்டும். ஆகையால் களத்தில் அதை நிழலில் வைக்க. சார்ஜ் செய்கையில் சூடேறினால் உறையைக் கழற்றுக. வாரம் ஒருமுறை உறையைக் கழுவி உலர்த்தாவிடில், உள்ளே தங்கிய மணலே கைப்பேசியைத் தேய்த்துவிடும்.

இவ்வளவும் செய்து நனைந்துவிட்டால், உடனே அணைத்துவிடுக, சார்ஜ் செய்யலாகாது. சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்குமாறு மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் உலர விடுக. அரிசியில் புதைக்கும் வழக்கம் நெற்களஞ்சியமாம் நமது பகுதியிலும் உண்டு. அது வேண்டா, தவிட்டுத் தூளும் குருணையும் துளைகளில் புகுந்து கேடு செய்யும்.

மண்வெட்டியைக் கழுவி வைத்த பின்னரே வீடு புகுவது நம் உழவரின் ஒழுங்கு. இன்று கைப்பேசியும் ஓர் உழவுக் கருவியே. அதற்கும் அவ்வொழுங்கை நாம் கடைப்பிடிப்போமாக.