பூந்தொடையும் கந்தைப் போர்வையும்

சென்னை மாநகர்க்கு மேற்றிசையில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என மூன்று ஊர்கள் உள. இற்றைநாளில் அவ்வழிச் செல்வார் கண்ணுக்கு முதலில் தோன்றுவன தொழிற்சாலைகளும், அடுக்கு மாடிக் குடியிருப்புகளும், பூவிருந்தவல்லிச் சாலையில் வரிசையாய் எழுந்து நிற்கும் மெட்ரோ இரயில் தூண்களுமேயாம். ஆயினும் அப்பகுதி ஊர்ப்பெயர்களைக் காதாற் கேட்பார்க்கு வேறொரு காட்சி புலப்படும். பூவிருந்தவல்லியிற் பூ உண்டு. திருமுல்லைவாயிலில் முல்லை உண்டு. திருவேற்காடு வெள்வேல மரங்கள் செறிந்த காட்டினாற் பெயர் பெற்றது. தோட்டங்கள் மனைகளாக மாறிய பின்னும் பெயர்கள் மட்டும் பூத்துக்கொண்டிருக்கின்றன.

இப்பகுதி வீடுகளிற் பெண்டிர் இருந்த இடத்திலிருந்தே செய்துவரும் கைவேலைகள் இரண்டு. ஒன்று பூத்தொடுத்தல், மற்றொன்று பழம்புடவைகளை அடுக்கிப் போர்வையாகத் தைத்தல். இவை எவ்வாறு செய்யப்படுகின்றன, எதனாற் செய்யப்படுகின்றன என்று எடுத்துரைப்பதே எம் கருத்து. இவற்றைப் பொழுதுபோக்கென்று எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைப் படிப்போர் தாமே காண்பர்.

முல்லையை முதலிற் காண்போம். தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிப் பிணித்தது என்றும், அவன் வாளால் வெட்டியபோது கொடியின் அடியில் மறைந்திருந்த சிவலிங்கம் வெட்டுண்டு குருதி பெருகியது என்றும் திருமுல்லைவாயில் தலவரலாறு கூறும். அக்காயம் ஆறுதற்கெனத் திருமேனியிற் சந்தனக் காப்பு இட்டு வருகின்றனர். சித்திரைச் சதயத்தையொட்டி ஆண்டுக்கொருமுறை அது களையப்படும். சுந்தரர் பாடிய தலம் இது. அம்மைக்குக் கொடியிடைநாயகி என்று பெயர். யானையையும் நிறுத்துமளவிற்கு இந்நிலத்தில் முல்லை படர்ந்திருந்தது என்று மக்கள் நம்பினர் என்பதே நம் பொருளுக்கு வேண்டுவது.

பூவிருந்தவல்லியோ 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகளின் ஊர். 1017-ஆம் ஆண்டிற் பக்கத்துத் திருப்பெரும்பூதூரிற் பிறந்த இராமாநுசர் இவரைத் தம் குருவாகப் போற்றினார். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு இவருடையது. பிறந்த ஊரில் நந்தவனம் அமைத்து, அதிற் கொய்த மலரைச் சுமந்து காஞ்சிக்கு நடந்தார் என்பது மரபுரை. இவ்வூர்க் கோயிலில் தாயார் திருநாமமும் புஷ்பவல்லியே. இங்கிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அத்தனை தொலைவை நாள்தோறும் நடப்பது ஒருவர்க்கு இயலுமோ என்று வினவுவார் வினவுக. பூ வாடுமுன் சேரவேண்டிய இடத்திற் சேரவேண்டும் என்னும் கவலை அன்றே இவ்வூரில் இருந்தது என்பதை அக்கதை காட்டுகின்றது. அக்கவலை இன்றும் நீங்கவில்லை.

தமிழர் சித்திரை, வைகாசித் திங்கள்களை இளவேனில் என்று வகுத்தனர். மேலை நாடுகளில் வசந்தமாவது குளிர் நீங்குங் காலம். நம் நாட்டிலோ வெயில் ஏறுங் காலம். அவ்வெயிலே இங்குப் பூவைத் தருகின்றது. பங்குனியிற் புங்கு தளிர்த்துப் பூக்கும். வேம்பு, ஆண்டுப் பிறப்பின் பச்சடிக்கு வேண்டுமளவு பூச் சொரியும். கொன்றை பொற்சரமாய்த் தொங்கும். குண்டுமல்லிகைக்கும் இதுவே பருவம். மல்லிகை புதிதாக விட்ட கிளையின் நுனியிலேயே அரும்பும். ஆதலால் தோட்டக்காரர் நவம்பர் மாத இறுதியில், தரைக்குமேல் 45 முதல் 50 செண்டிமீட்டர் வரை நிறுத்தி, மற்றைக் கொம்புகளைக் கவாத்துச் செய்துவிடுவர். மொட்டையாய் நிற்கும் அச்செடிக்கு எருவும் நீரும் இட்டால், வெப்பம் ஏற ஏறப் புதுக்கிளைகள் எழுந்து மார்ச்சு மாதம் முதல் அரும்பெடுக்கும். மார்கழிக் குளிரில் அருகி விலையேறி நின்ற பூ, சித்திரையில் மலிந்து கூடை கூடையாய் வந்திறங்கும். வீட்டுக் கொல்லையில் துவைகல்லின் நீர் பாயும் ஓரத்தில் நிற்கும் ஒற்றை மல்லிகைச் செடிக்கும் முறை இதுவே. அதற்குக் கவாத்துச் செய்பவள் வீட்டுப் பாட்டி, கருவி அரிவாள்மணை.

மல்லிகையை மலர்ந்த பின் பறித்தாற் பயனில்லை. முற்றிய மொட்டாக இருக்கையில், வெயில் ஏறுமுன் பறித்தல் வேண்டும். அன்று மாலையே அது கட்டவிழும். ஆகவே, பறித்தல், அங்காடி சேர்த்தல், தொடுத்தல், விற்றல் ஆகிய அனைத்தும் ஒரு பகற்பொழுதிற்குள் முடிய வேண்டியவை. முன்னாளிற் சென்னைக்குப் பூ வந்திறங்கிய இடம் பூக்கடை என்னும் பகுதி; 1996-ஆம் ஆண்டிற் கோயம்பேட்டில் மொத்த அங்காடி திறக்கப்பட்டபின் அவ்வாணிகம் அங்குச் சென்றது. விடியுமுன் அங்கு வாங்கிய உதிரிப்பூவைப் பூக்காரப் பெண்டிர் மேற்குப் பகுதிகளுக்குக் கொணர்ந்து, தாமே தொடுத்தது போக எஞ்சியதை அண்டை வீடுகளிற் கூலிக்குப் பகிர்ந்தளிப்பர்.

தொடுக்கும் முறை காண்பார்க்கு எளிது, கைக்கு அரிது. வாழைநாரை நீரில் நனைத்துக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாரின் ஒரு முனையை இடக்கையிற் பற்றி, இரண்டு மொட்டுக்களை ஒருபுறமும் இரண்டை மறுபுறமுமாகக் காம்போடு காம்பு பொருந்த வைத்து, வலக்கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி இட்டு அதனைக் காம்பின்மேல் மாட்டி இழுத்தால் முடிச்சு விழும். இறுக இழுத்தாற் காம்பு அறுந்துபோம்; தளர விட்டாற் பூ உதிர்ந்துபோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இழுவையைச் சொல்லிக்கொடுத்தல் ஆகாது. பழகிய பெண்டிர் கையைப் பாராமலே தொடுப்பர். பிள்ளையின் பாடத்தைக் கேட்டுக்கொண்டும், அடுப்பிலுள்ள பாலை நோக்கிக்கொண்டும், மாமியாரோடு வழக்காடிக்கொண்டும் தொடுப்பர். அளவை முழம். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை என்பது இலக்கணம். விற்பவர் கை குறியதாயின் முழமும் குறுகும் என்பது உலகவழக்கு.

தமிழ் பயில்வார் இங்குச் சற்று நிற்றல் தகும். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களின் பெயர்களைத் தேர்வின்பொருட்டு நாம் நெட்டுருச் செய்கின்றோம். அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ என ஒரே பூவின் பருவங்களுக்கு வெவ்வேறு பெயரும், கண்ணி, கோதை, தெரியல், பிணையல் என மாலைக்குப் பல பெயரும் கற்கின்றோம். யாப்பு என்பது கட்டு. தொடை என்பது தொடுக்கப்பட்டது. மோனைத் தொடை, எதுகைத் தொடை என்று நாம் வகுப்பறையில் அலகிடுங்கால் வழங்குகின்ற சொற்கள் பூத்தொடுப்பார் கைவினையினின்று எழுந்தவை. மணிமேகலை மலர்வனம் புகுவதற்கு முன், தன் தந்தைக்கு நேர்ந்ததைக் கேட்டு அவள் சிந்திய கண்ணீர் தொடுத்த மாலையின்மேல் வீழ்ந்து அதன் தூய்மையைக் கெடுத்தது என்று சாத்தனார் கூறுவார். துயர்க்கிடையேயும் கை தொடுத்துக்கொண்டே இருந்தது என்பதனை அப்புலவர் கண்டிருக்கின்றார்.

இனிக் கூலியைப் பற்றி ஒரு சொல். நெல்லும் துணியும் விலை படியாவிடின் நாளைக்கு ஆகட்டும் என்று வைத்துவிடலாம். பூவை அவ்வாறு வைத்தல் இயலாது, கண்ணெதிரே வாடும். வாடும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கூலி பேசுவார்க்குப் பேச்சில் வலிமை இல்லை. பூத்தொடுக்குங் கூலி என்றும் தாழ்ந்தே இருத்தற்கு இது முதற் காரணம் என்பது எம் துணிபு. வீட்டிலிருந்தே செய்வதாலும், பாட்டி, தாய், மகள் மூவரும் கலந்து தொடுப்பதாலும், யார் எத்தனை நாழிகை உழைத்தார் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை என்பது இரண்டாவது. 2020-ஆம் ஆண்டு மே மாதம் பெருந்தொற்றினாற் கோயம்பேட்டங்காடி மூடப்பட்டபோது, அதனை நம்பியிருந்த வீடுகளில் நார் நனைக்க வேலையின்றிப் போயிற்று. அந்நாளில் அக்குடும்பங்களின் அடுப்பு எதனால் எரிந்துவந்தது என்பதை வீட்டிலுள்ள ஆடவர் பலர் முதன்முறை உணர்ந்திருப்பர்.

பூவேலை காத்திராத வேலை. போர்வை வேலை காத்திருக்கும் வேலை. பூ அருகும் மார்கழியிற் கை ஓயும். ஓய்ந்த கைக்கு ஊசி வரும். புடவை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 5½ மீட்டர். அதனை மூன்றாக மடித்தால் ஒருவர் நீட்டிப் படுக்கும் நீளம் அமையும். அவ்வாறு இரண்டு புடவைகளை மடித்து ஒன்றன்மேலொன்று வைத்தால் ஆறு படை. மிகவும் கிழிந்தது உள்ளே செல்லும். நிறம் மங்காதது மேலே வரும். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நான்கு மூலையிலும் அம்மிக்குழவியோ அரிசிப்படியோ பாரமாக வைத்து, முதலில் எட்ட எட்ட இழையோட்டுவர். பின்பு ஓரத்தினின்று தொடங்கி, விரற்கடை விட்டு விரற்கடை, நெடுக ஓட்டுத்தையல் இடுவர். நைந்த இடத்திற் பிள்ளைகளின் பழஞ்சட்டைத் துண்டு ஒட்டாகும். நடுவில் தையல் இல்லையாயின், துவைக்கும்போது உட்படைகள் ஒருபுறம் திரண்டுவிடும். ஆகவே இவ்வரிகள் அழகின்பொருட்டு மட்டும் அமைந்தவையல்ல.

பழந்துணியே வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பலகாலும் துவைத்த பருத்தி கஞ்சியும் முறுக்கும் நீங்கி மெத்தென்றாகும்; நீரையும் வியர்வையையும் உறிஞ்சும். பிறந்த குழவிக்குப் புதுத்துணியை விலக்கிப் பழந்துணியில் ஏந்துவதும், தாயின் பழம்புடவையில் தூளி கட்டுவதும் இதனாலேயே. செயற்கை இழைப் புடவைகள் மலிந்த பின் இவ்வேலைக்கு இடர் நேர்ந்தது. அவை எளிதிற் கிழியா, கிழிந்தாலும் மெத்தென்று ஆகா, நீரை ஏற்கா. எவர்சில்வர் பாத்திரத்திற்குப் பழந்துணி வாங்கும் வணிகரும் வாயிலில் வந்து நிற்பர். போர்வையா, குண்டானா என்னும் வழக்கிற் குண்டானே பெரும்பாலும் வெல்கின்றது.

இவ்வேலை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மராட்டியர் கோதடி என்பர். கன்னடர் கௌதி என்பர். வடகன்னடப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தியர் கவந்தி என்று தைப்பர். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். புடவைக் கரையினின்று உருவிய வண்ண இழையாலேயே அவர்கள் அதில் மீனும் தாமரையும் தீட்டுவர். ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் திரட்டிய காந்தாக்கள் அமெரிக்காவிற் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளன. வங்காளரின் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வடசொல்லினின்று பிறந்தவை. அங்கே அது கலையின் பெயராயிற்று. இங்கே வறுமையின் பெயராய் நின்றுவிட்டது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி துவைக்கச் சொல்லிற்று. தைத்தவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நம் திருச்சபை வரலாற்றில் ஊசிக்கு ஓரிடம் உண்டு. யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுதனர் என்று அப்போஸ்தலர் நடபடிகளிற் காண்கின்றோம். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் 1820-களிற் பெண்களுக்குப் பின்னல்வேலை கற்பித்தார். அவர் மகள் எலிசா 1844-ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடியில் அதனைப் பரப்பினார். ஒப்பிலக்கணம் இயற்றிய கணவரை நாம் அறிவோம். ஊதியம் ஈட்டும் கைத்தொழிலை அவ்வூர்ப் பெண்டிர்க்கு அளித்த மனைவியை நினைப்பார் சிலரே. அப்பின்னல் விற்பனைக்கென்று செய்யப்பட்டது. ஆகவே அதற்குக் கணக்கும் விலையும் பெயரும் ஏற்பட்டன. வீட்டுப் போர்வையோ விற்கப்படுவதில்லை. ஆதலின் அதற்கு விலை என ஒன்று இல்லை, தைத்தவள் பெயரும் எங்கும் எழுதப்படுவதில்லை.

ஊசி இப்பகுதியை விட்டு முற்றும் நீங்கிவிட்டதென்று கூறல் ஆகாது. ஆவடியிற் படைவீரர்க்கு உடை தைக்கும் அரசுத் தொழிற்சாலை உளது. 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆயத்த ஆடை தைக்கும் கூடங்கள் உள. அவற்றில் தைப்பவருட் பெரும்பாலார் பெண்டிரே. வெட்டி எஞ்சிய துண்டுத்துணி மூட்டையாய் விலைக்கு வரும். அதனை வாங்கிக் கால்மிதியும் தலையணை உறையும் தைப்பார் இருக்கின்றனர். கைத்தையலிற் பல நாள் எடுக்கும் போர்வையைப் பொறியில் ஒரு பகலில் முடிப்பர். தையல் நெருக்கமாயிருக்கும், மென்மை சற்றுக் குறையும்.

பழைய முறையில் தைத்த போர்வை எளிதில் எறியப்படுவதில்லை. மேற்படை நைந்தால் தையலைப் பிரிக்காமல் அதன்மேலேயே இன்னொரு புடவையைப் போர்த்தித் தைத்துவிடுவர். பத்தாண்டிற்கு ஒருமுறை இவ்வாறு செய்த போர்வையின் ஓரத்தை விரலால் நெருடினாற் படைகளை எண்ணலாம். மேலே இருப்பது மருமகளின் புடவையாக, அடியில் இருப்பது அவள் பார்த்தறியாத ஒரு பாட்டியின் கண்டாங்கியாக இருக்கும்.