மெய்நிகர் கணினியில் பாட்டு ஏன் கரகரக்கிறது?

லினக்ஸ் கணினிக்குள் கியூஇஎம்யூ என்ற மென்பொருள் மூலம் ஓடும் மெய்நிகர் கணினிக்குச் சொந்தமாக சவுண்ட் கார்டு கிடையாது. இருப்பதுபோல் கியூஇஎம்யூ நடிக்கிறது. பெரும்பாலும் அது போடுவது 1997-இல் வந்த ஏசி97 அல்லது 2004-இல் வந்த இன்டெல் எச்டிஏ வேடம். உள்ளிருக்கும் இயங்குதளமும் நிஜ கார்டு என்றே நம்பி, டிரைவர் வழியாக ஒலித்தரவை அனுப்புகிறது. கியூஇஎம்யூ அதை வாங்கி, வெளிக் கணினியில் ஒலியைக் கவனிக்கும் பல்ஸ்ஆடியோவிடமோ பைப்வயரிடமோ ஒப்படைக்கிறது.

கரகரப்பு எங்கே பிறக்கிறது?

ஸ்பீக்கருக்கு வழக்கமாக நொடிக்கு 48,000 ஒலித்துணுக்குகள் இடைவிடாமல் வேண்டும். மெய்நிகர் கணினியோ வெளிக் கணினி நேரம் ஒதுக்கும்போதுதான் ஓடும். இடையிலிருக்கும் பஃபர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும். தொட்டி வற்றினால் குழாய் புஸ்ஸென்று காற்றைத் துப்பும். அதுதான் கரகரப்பு.

1,024 துணுக்குகள் கொள்ளும் பஃபர் சுமார் 21 மில்லிநொடியில் காலி. பெரிதாக்கினால் கரகரப்பு அடங்கும். ஆனால் படத்தில் வாயசைந்த பிறகே வசனம் வரும்.

சத்தமே இல்லையென்றால் காரணம் பலசமயம் அற்பமானது. உள்ளேயும் லினக்ஸ் என்றால், அதன் ஒலியளவுக் கருவியான அல்சாமிக்சரைத் திறந்து பாருங்கள். மாஸ்டரின் கீழ் ‘எம்எம்’ என்றிருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை ஒருமுறை தட்டினால் திறந்துவிடும்.