ரகசியச் சொற்கள் அம்பலம்!

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் யார் கட்டி மேய்ப்பது? அதற்குத்தான் ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’. யாருக்கு எவ்வளவு நேரம், யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது அதுவே.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், கார்பட்டோ என்ற விஞ்ஞானியின் குழு 1961-ம் ஆண்டு அப்படி ஒன்றை இயக்கிக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் ‘பாஸ்வேர்டு’ என்ற ரகசியச் சொல் உண்டு.

நடந்த விபரீதம்

1966-ம் ஆண்டு ஒரு நாள், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக, எல்லோருடைய ரகசியச் சொற்களும் அச்சாகி வந்தன!

திருடன் யாரும் இல்லை. ஒருவர் அறிவிப்பைத் திருத்தினார். அதே நேரத்தில் இன்னொருவர் ரகசியச் சொல் பட்டியலைத் திருத்தினார். இரண்டும் இடம் மாறிவிட்டன!

இன்று நல்ல சிஸ்டங்கள் ரகசியச் சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை, உருமாற்றியே வைக்கின்றன. பட்டியல் வெளியானாலும் எளிதில் படிக்க முடியாது.

ஆனால் ‘123456’ என்று வைத்தால்? அதைக் கண்டுபிடிக்கப் பட்டியலே தேவை இல்லை!