முள் காட்டும் பாதி உண்மை

டர்போ பொருத்திய ரோட்டரி எஞ்சினில் பெட்ரோல் அழுத்தம் பிசகினால் தண்டனை உடனடி. சரிசெய்வது பெரிய வித்தையல்ல. அளப்பது எதை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டே மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஓர் இரும்புப் பட்டை. மாஸ்தா ஆர்எக்ஸ்-7 காரின் எஞ்சின் உயிரோடு இருப்பது அதை நம்பித்தான். அதன் ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்தாலும் போதும், எஞ்சின் அழுத்தத்தை இழந்துவிடும். பெயர்ந்த துண்டு சும்மா போகாது. உள்சுவரைக் கீறிவிட்டு சைலன்ஸர் பக்கம் வெளியேறும்போது வழியில் இருக்கும் டர்போவின் சுழல்தகடுகளையும் பதம் பார்த்துவிட்டுத்தான் போகும்.

பழி பெரும்பாலும் அந்தப் பட்டையின் மீதே விழுகிறது. ஆனால் பல எஞ்சின்களில் உண்மைக் குற்றவாளி வேறு: வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வந்து சேராத பெட்ரோல். அதிலும் விசித்திரம் என்னவென்றால், வண்டி நின்றுகொண்டிருந்தபோது பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் முள் சரியான எண்ணில்தான் நின்றிருக்கும்.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. நிலக்கடலைத் தோல் போல நடுவில் லேசாக ஒடுங்கிய ஓர் அறை. அதற்குள் முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் செருகப்பட்டிருக்கும் பட்டைகளுக்கு அபெக்ஸ் சீல் என்று பெயர். சுவரை உரசியபடியே ஓடி, அறையை மூன்றாகப் பிரித்து, வெடிப்பின் விசை ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கசியாமல் காப்பது அவற்றின் வேலை.

இந்த எஞ்சின் ஜெர்மானியரான பெலிக்ஸ் வான்கெலின் சிந்தனை. என்எஸ்யு நிறுவனத்தில் அதன் முதல் மாதிரி ஓடியது 1957ல். அடுத்த சில ஆண்டுகளில் பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. விடாப்பிடியாக நின்றது ஹிரோஷிமாவின் மாஸ்தா. 1980களில் ஸ்வராஜ் மாஸ்தா வண்டிகள் மூலம் இந்தியச் சாலைகளுக்கு அறிமுகமான அதே பெயர்தான்.

மாஸ்தாவில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் இந்த எஞ்சினோடு மல்லுக்கட்டினார்கள். சீல்கள் அதிர்ந்து சுவரில் அலை அலையாகத் தடம் பதித்தன. 'பிசாசின் நகக் கீறல்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்கள் அந்தப் பிசாசை விரட்டின. 1967ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.

அடுத்த பிசாசு டர்போவோடு வந்தது. 1982ல் காஸ்மோவிலும் பின்னர் ஆர்எக்ஸ்-7லும் மாஸ்தா டர்போவைப் பொருத்தியது. 1991ல் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7ன் எஞ்சினில் இரண்டு சுழலிகள், தலா 654 சிசி. இரட்டை டர்போக்களின் தயவில் அந்தச் சின்ன எஞ்சின் 255 குதிரைசக்தி தந்தது. 1999ல் அது 280 ஆனது. அதற்குமேலும் வேண்டும் என்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய டர்போ, பெரிய பம்ப் என்று மாற்றிக்கொண்டே போனார்கள். சீல்களும் உடைந்துகொண்டே போயின.

காரணம், நாக்கிங். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, பிளக்கின் பொறியிலிருந்து சீராக எரிந்து பரவாமல், தானாகவே ஒரு மூலையில் படீரென வெடிப்பது. பிஸ்டன் எஞ்சின் இப்படிப்பட்ட அடிகளை ஓரளவு தாங்கும். ரோட்டரியின் மெல்லிய சீலுக்கு அந்தப் பொறுமை இல்லை. கடுமையான ஓர் அடியே போதுமானது.

டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும்போது நாக்கிங்கைத் தடுக்க எளிய வழி, பெட்ரோலைத் தாராளமாகக் கொடுப்பது. 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பதுதான் முழுமையாக எரியத் தேவையான எடைக்கணக்கு. டர்போ முழு வேகத்தில் இருக்கும்போது ரோட்டரி எஞ்சினை டியூன் செய்பவர்கள் 11க்கு 1 என்ற அளவில், சில சமயம் அதைவிடத் தாராளமாகவே வைக்கிறார்கள். உபரிப் பெட்ரோல் கலவையைக் குளிர வைக்கிறது.

கொடுப்பதற்கு இருக்கும் நேரம்தான் குறைவு. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டர், தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒருமுறை வெடிக்கும். ரோட்டரியில் ஒவ்வொரு சுழலிக்கும் தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 7,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 8.6 மில்லிசெகண்ட். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அழுத்தம் குறைந்தால் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டலாம் என்றால், உச்ச வேகத்தில் அந்தக் கூடுதல் நேரமே கிடையாது. அதே வேகத்தில் இரண்டு சுழலிகளிலும் சேர்த்து நொடிக்கு 230க்கு மேல் வெடிப்புகள். ஒரு நொடி பெட்ரோல் குறைந்தால், அத்தனையும் ஆபத்தான வெடிப்புகள்.

இங்கேதான் அழுத்தம் பற்றிய அடிப்படைக் குழப்பம் எழுகிறது. டயருக்கு 30 பவுண்டு காற்று என்றால் 30 பவுண்டுதான், அதில் சந்தேகம் இல்லை. பெட்ரோல் அழுத்தம் அப்படிப்பட்ட ஒற்றை எண் அல்ல. இன்ஜெக்டரின் ஒருபுறம் பெட்ரோல் தள்ளுகிறது. மறுபுறம், அதன் நுனி நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய். அங்கே டர்போ திணித்த காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பதை மட்டும் பார்த்து அவர் வேகத்தைச் சொல்லிவிட முடியாது. இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் கொடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டு அழுத்தங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். கேஜ் காட்டுவதோ ஒருபக்கத்தை மட்டும்.

வித்தியாசத்தை மாறாமல் வைத்திருக்கும் பொறுப்பு ரெகுலேட்டர் என்ற சின்ன உலோக டப்பாவுடையது. உள்ளே ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும். தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலை அது டாங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. சைக்கிள் வால்வ் டியூபைவிடச் சற்றே தடித்த ரப்பர் குழாய் ஒன்று எஞ்சினின் காற்றுக் குழாயிலிருந்து அதற்கு வருகிறது. டர்போ 1 பார் அழுத்தம் கொடுத்தால், பெட்ரோலின் அழுத்தத்தையும் ரெகுலேட்டர் சரியாக 1 பார் உயர்த்தும். ஒன்றுக்கு ஒன்று என்பதுதான் விதி.

கணக்கு சுலபம். மாற்றியமைத்த வண்டிகளில் பரவலாக வைக்கப்படும் அடிப்படை அழுத்தம் 3 பார், அதாவது 43.5 பவுண்டு. ஐடிலில் ஓடும்போது காற்றுக் குழாயில் வெற்றிடம் உருவாகும். அது அரை பார் என்றால் கேஜ் 2.5 காட்ட வேண்டும். டர்போ 1 பார் தரும்போது 4 காட்ட வேண்டும். மூன்று நிலையிலும் எண்கள் வேறு, வித்தியாசம் ஒன்றே: 3 பார்.

அந்த ரப்பர் குழாய் வெடித்தோ கழன்றோ போனதாக வைத்துக்கொள்ளலாம். டர்போ 1 பார் கொடுக்கிறது, கேஜ் 3லேயே நிற்கிறது. முள்ளைப் பார்ப்பவருக்கு எல்லாம் நலம். உண்மையில் வித்தியாசம் 2 பாராகச் சுருங்கிவிட்டது. இன்ஜெக்டரிலிருந்து வரும் பெட்ரோல், அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறையும். 11க்கு 1 என்று வைத்திருந்த கலவை 13.5க்கு 1 ஆகிவிடும். ரோட்டரியில் அது நெருப்போடு விளையாட்டு.

சரியாக அமைக்கும் முறை, அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வரிசைப்படி, இதுதான். முதலில் ரெகுலேட்டரில் இருந்து ரப்பர் குழாயைக் கழற்ற வேண்டும். காற்றுக் குழாயின் பக்கமுள்ள முனையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் அந்த ஓட்டை வழியே காற்றை இழுக்கும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ரெகுலேட்டரின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, வேண்டிய அடிப்படை அழுத்தத்தில் நிறுத்தி, நட்டை முடுக்க வேண்டும். பழைய ரெகுலேட்டரை மாற்றாத வண்டிகளில் பெரும்பாலும் ஸ்க்ரூவே இருக்காது. கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் அளவு வருகிறதா என்று பார்ப்பதோடு சரி.

அடுத்து குழாயைத் திரும்ப மாட்டினால் முள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குழாயில் ஓட்டை அல்லது ரெகுலேட்டரில் கோளாறு. கழற்றிய குழாயில் பெட்ரோல் வாடை அடித்தால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் பம்பை மட்டும் ஓடவிட்டு, கைப்பம்பால் ரெகுலேட்டருக்கு 1 பார் காற்று கொடுத்துப் பார்க்கலாம். முள்ளும் அதே 1 பார் உயர வேண்டும். சாலைக்குப் போகாமலேயே ரெகுலேட்டரின் நாணயத்தைச் சோதிக்கும் வழி இது.

பலர் சறுக்குவது முதல் படியிலேயே. குழாயைக் கழற்றாமல் ஐடிலில் 3 பார் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் வைத்தது 3.5. கம்ப்யூட்டர் 3 என்று நம்பிக் கணக்குப் போடும், எஞ்சினுக்கு 8 சதவீதம் அதிகப் பெட்ரோல் போகும். புகை கறுக்கும், பிளக் அடைக்கும். அதைச் சரிசெய்ய யாராவது கம்ப்யூட்டரில் பெட்ரோலைக் குறைப்பார்கள். பிறகு வேறொருவர் அழுத்தத்தை 'ஒழுங்காக' 3க்கு இறக்குவார். குறைத்தது இரண்டு முறை, கேட்டுக்கொள்ள யாருமில்லை.

நின்ற இடத்தில் செய்யும் சோதனைகள் எல்லாம் தேறினாலும் பரீட்சை முடிந்ததாக அர்த்தமில்லை. எஞ்சினுக்குப் பசி அதிகமாகும் அதே நேரத்தில்தான் பம்பின் சுமையும் ஏறுகிறது. 4 பார் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும்போது எந்தப் பம்பும் 2.5 பாரில் கொடுத்ததைவிடக் குறைவாகவே கொடுக்கும். பழைய வயர், துருப்பிடித்த இணைப்பு, அடைத்த பில்டர் ஏதாவது சேர்ந்தால் இன்னும் குறையும். எனவே டைனமோமீட்டரில் ஏற்றி, டர்போ அழுத்தத்தையும் பெட்ரோல் அழுத்தத்தையும் ஒன்றாகப் பதிவுசெய்து பார்ப்பதே முறை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் உச்ச வேகம் வரை நேர்கோடாக ஓட வேண்டும். கடைசியில் கோடு சரிந்தால் காலை எடுத்துவிட வேண்டும். ஸ்க்ரூவைத் திருப்பி அதை மறைக்க முயல்வது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உதறுவது போல.

பம்ப் மிகப் பெரிதாக இருந்தாலும் தொல்லைதான். திரும்பிப் போகும் குழாயும் பழைய ரெகுலேட்டரும் அவ்வளவு பெட்ரோலை விழுங்க முடியாமல் திணறும். ஐடிலில் அழுத்தம் இறங்கவே இறங்காது.

'எதற்கும் இருக்கட்டும்' என்று அழுத்தத்தைக் கூட்டுவது இன்னொரு மூடநம்பிக்கை. 3 பாரை 4 ஆக்கினால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பெட்ரோல் கூடுவது 15 சதவீதம்தான். அதற்குப் பம்ப் கொடுக்கும் விலை பெரிது. அடிப்படை அழுத்தத்தை மாற்றினால் கம்ப்யூட்டரின் கணக்கையும் புதிதாக எழுத வேண்டும். பெட்ரோல் போதவில்லை என்றால் பெரிய இன்ஜெக்டர்தான் நேர்வழி.

இதில் ஆபத்து எஞ்சினுக்கு மட்டும் அல்ல. எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் இணைப்பைக் கழற்றினால், சூடான டர்போவின் மேல் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். ஆர்எக்ஸ்-7 வண்டிகளில் பெட்ரோல் குழாயின் துடிப்பை அடக்கும் டாம்பர் வயதாகிக் கசிவது பலரும் அறிந்த கோளாறு. தீப்பிடித்த வண்டிகளும் உண்டு. அழுத்தத்தைத் தொடுமுன் அதைப் பார்ப்பதும், தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் அவசியம். ஓட்டுநருக்கு முன்னால் கேஜ் வேண்டும் என்பவர்கள் மின்சார கேஜ் வைக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது.

மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7ன் தயாரிப்பு 2002ல் நின்றது. அதன்பின் வந்த ஆர்எக்ஸ்-8ல் டர்போ இல்லை. 2023ல் மாஸ்தா திரும்பக் கொண்டுவந்த ரோட்டரி, மின்சாரக் காரில் ஜெனரேட்டரை ஓட்டும் 830 சிசி எஞ்சின். அதிலும் டர்போ இல்லை. ஆகவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் டர்போ ரோட்டரிகள் ஒவ்வொன்றும் இருப்பதைக் காப்பாற்றும் கதைதான். சீல் உடைந்தால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும், கீறல் விழுந்த உறையையும் பல நேரம் மாற்ற வேண்டும். அந்த ரப்பர் குழாயைப் புதிதாக மாட்டி இரு முனைகளிலும் கிளிப் போடுவது சில நிமிட வேலை. பம்ப், இன்ஜெக்டர், டர்போ எதை மாற்றினாலும், முதல் வேலையாக அந்தக் குழாயைக் கழற்றி, கேஜைப் பார்த்து, கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.